கடன் வாங்கிக் குற்றவியல் படிக்கலாமா?

(வாலாஜாபேட்டையில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த வட்டாரத்து வங்கிக் கிளைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்விக் கடன் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிப்பதும், பெற்றோரை எதிரே உட்காரவைத்துப் பேசுவதும் என் வேலையின் பெரும்பகுதியாக இருந்தன. பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் வந்த விண்ணப்பங்களுக்கு இடையே, பிற்காலத்தில் ஒரு புதிய பெயர் அடிக்கடி வரத் தொடங்கியது. அதுதான் குற்றவியல். "சார், பையன் போலீஸ் ஆகணுங்கறான். அதுக்கு இந்தப் படிப்புதான் நேர் வழின்னு காலேஜ்ல சொன்னாங்க" என்பார் அப்பா. ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மா, நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டிவிட்டேன் என்பார். அந்தப் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்பியதையெல்லாம் வங்கி மேசையில் வைத்துச் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. இன்று சொல்கிறேன்.

குற்றவியல் வீணான படிப்பு என்று சொல்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. அந்தத் துறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நம் மண்ணில் பிறந்தவர்களுக்கு அந்த மரியாதை இருந்தே ஆகவேண்டும் என்றுகூடச் சொல்வேன். குற்றவியல் என்பது என்ன? ஒரு குற்றம் ஏன் நடக்கிறது, யார் அதற்குப் பலியாகிறார்கள், சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது, தண்டனை மனிதனை மாற்றுகிறதா என்றெல்லாம் கேட்கிற சமூக அறிவியல் அது. இந்தக் கேள்விகளுக்கு ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை நீளும் நம் பாலாற்றங்கரையைவிடப் பெரிய பாடநூல் கிடையாது.

தோல் கழிவு நம் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது குற்றமா, வெறும் விதிமீறலா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நாட்டிய தீர்ப்பு அது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர் யாராக இருந்தாலும் வேலூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. அதற்குப் பிறகும் 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் செத்துப் போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படையின் துப்பாக்கிக்கு இருபது பேர் பலியானார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து கூலிக்குச் செம்மரம் வெட்டப் போனவர்கள் அவர்களில் பலர். செம்மரத்தை விற்றுப் பணம் பண்ணுகிறவன் எங்கே இருந்தான்? ஏழை ஏன் அந்தக் கோடரியைத் தூக்கினான்? இவையெல்லாம் குற்றவியல் கேள்விகள். இவற்றுக்கு விடை தேடும் பிள்ளைகள் நம் ஊரிலிருந்து வரவேண்டும் என்பது என் ஆசை.

ஆசை வேறு, கடன் பத்திரம் வேறு. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் நாம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. இந்தப் பட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும் வேலை எது, அதன் சம்பளம் எவ்வளவு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். குற்றவியல், தடய அறிவியல், காவல் பயிற்சி மூன்றும் வேறு வேறு. மூன்றும் ஒரே கதவைத் திறப்பதுபோல விளம்பரங்கள் பேசுகின்றன. கைரேகை, ரத்தம், விஷம், துப்பாக்கிக் குண்டு ஆகியவற்றைப் பரிசோதிக்கிறவர் தடய அறிவியலாளர். அவருக்கு அடிப்படை வேதியியல், இயற்பியல், உயிரியல். காவலருக்கும் எஸ்.ஐ.க்கும் பயிற்சி கொடுப்பது அரசு. அதுவும் தேர்வான பிறகுதான். நம் வேலூர் தொரப்பாடியில் மத்திய சிறைக்குப் பக்கத்தில் 'ஆப்கா' என்று ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. தென் மாநிலங்களின் சிறை அலுவலர்கள் பயிற்சிக்கு வருவது அங்கேதான். ஏற்கெனவே பணிக்குத் தேர்வானவர்கள் அவர்கள். கட்டணம் கட்டிச் சேரும் கல்லூரி அல்ல அது.

இனி வேலைகளுக்கு வருகிறேன். நம் பிள்ளைகளில் பலர் மனத்தில் இருப்பது எஸ்.ஐ. பதவி. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அதற்குக் கேட்கும் கல்வித் தகுதி ஏதேனும் ஒரு பட்டம். தமிழ் இலக்கியம் படித்தவரும், வணிகவியல் படித்தவரும், குற்றவியல் படித்தவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே தேர்வை எழுதுகிறார்கள். சம்பள விகிதம் 36,900 ரூபாயில் தொடங்கி 1,16,600 வரை, அகவிலைப்படி தனி. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். அங்கே அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி ஜெயிலர் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம்தான்.

நல்ல சம்பளமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் உள்ள வேலைகள் குற்றவியலைக் கட்டாயமாக்கவில்லை. சரி, எங்கேதான் அது பயன்படும்? நன்னடத்தை அலுவலர் பதவியில் குற்றவியல், சமூகப்பணி, சமூகவியல், உளவியல் ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும். அடுத்தது ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ராணிப்பேட்டை தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019 நவம்பரில். இங்கேயும் அந்த அலகு உண்டு. மிஷன் வத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டு நெறிகள்படி அங்கே பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய். ஆற்றுப்படுத்துநருக்கும் சமூகப் பணியாளருக்கும் 18,536. புறத்தொடர்பு பணியாளருக்கு 10,592. எல்லாம் தொகுப்பூதியம், ஒப்பந்தப் பணி. அந்த விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்ற பெயர்கள்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். புறத்தொடர்பு பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும்.

தனியார் பக்கம் வங்கி மோசடிகளைக் கண்காணிக்கும் பிரிவுகள், பெரிய கடைகளின் பாதுகாப்புப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள் என்று சில இருக்கின்றன. அங்கேயும் குற்றவியல் பட்டத்தோடு கணக்கு, கணினி, நல்ல ஆங்கிலம் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துக் கொண்டு போகிறவருக்கே இடம்.

இப்போது கடனுக்கு வருவோம். கையில் பேனா இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு, கட்டணமும் விடுதியும் சேர்த்து நான்கு லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு லட்சம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அந்த வரம்பு வரை சொத்து அடமானம் கிடையாது, வெளியார் ஜாமீன் கிடையாது, பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். அதனால் நம் குடும்பங்கள் எளிதாக எட்டுகிற தொகை அது. வட்டி ஓர் உதாரணத்துக்கு ஆண்டுக்குப் பத்தரை சதவீதம். ஆண்டுக்கு ஒரு தவணையாக மூன்று சம தவணைகளில் வங்கி பணம் கொடுக்கிறது. படிப்புக் காலம் மூன்று ஆண்டு, அதற்குமேல் ஓராண்டு அவகாசம். இந்த நான்கு ஆண்டும் தவணை கட்டவேண்டாம் என்பது உண்மை. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டிதான். இருந்தாலும் முதல் தவணைக்கு நான்கு ஆண்டு, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு என்று கூட்டினால் 1,26,000 ரூபாய் ஆகிறது. ஐந்தாவது ஆண்டு தொடங்கும்போது உங்கள் கடன் 5,26,000.

அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 7,100 ரூபாய். மொத்தம் கட்டுவது எட்டரை லட்சம். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை 5,800 ஆகக் குறையும். மொத்தம் கட்டுவது பத்தரை லட்சத்தை நெருங்கும்.

இதை முன்னே சொன்ன சம்பளங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். 18,536 ரூபாய் தொகுப்பூதியத்தில் 7,100 போனால் 11,400 மிஞ்சும். அதில் பேருந்து, சாப்பாடு, வேறு ஊரில் வேலை என்றால் வாடகை. 10,592 ரூபாய் வேலையில் மிஞ்சுவது 3,500கூட இல்லை. எஸ்.ஐ. சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்டுவது கஷ்டமே இல்லை. ஆனால் அந்த வேலைக்கு இந்தக் கடனை வாங்கியிருக்கவே வேண்டியதில்லையே! அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு அதே தேர்வை எழுதியிருக்கலாமே!

தொகையைவிட எனக்குப் பெரிய கவலை காலத்தைப் பற்றியது. வங்கியின் கடிகாரமும் தேர்வு வாரியத்தின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை. எஸ்.ஐ. பணிக்கு 2023-ல் 621 இடங்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த அறிவிப்பு 1,299 இடங்களுக்கு 2025-ல் வந்தது. நடுவில் இரண்டு ஆண்டு. அறிவிப்புக்குப் பிறகு எழுத்துத் தேர்வு, உடல் தகுதி, நேர்காணல், சில சமயம் வழக்கு, பிறகு பயிற்சி. படிப்பு முடிந்த பன்னிரண்டாவது மாதத்தோடு வங்கி தரும் அவகாசம் தீர்ந்துவிடும். பிள்ளை ஓட்டப் பயிற்சிக்கும் பயிற்சி மையத்துக்கும் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் முதல் தவணை வந்து நிற்கும். யார் கட்டுவார்? டேனரியில் கழிவுத் தோல் சுமக்கிற அப்பா. அல்லது பிள்ளையே படிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஷூ கம்பெனிக்குப் போகும். தேர்வுக்குத் தயாராக வேண்டிய ஆண்டுகள் அங்கே கரைந்துபோகும். கடன் வாங்கியதே எந்த வேலைக்காகவோ, அந்த வேலைக்கான வாய்ப்பைக் கடனே தின்றுவிடுகிறது. இதை நான் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழும். பிள்ளைக்கு மட்டும் விழாது, இணைக் கடன்தாரரான பெற்றோருக்கும் விழும். தங்கை நர்சிங் சேரக் கடன் கேட்டு வரும்போது அது குறுக்கே நிற்கும். வங்கி வேலைக்கு முயற்சி செய்கிற பிள்ளைகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கடன் தவணை தவறியவர்களை நியமிப்பதில்லை என்று ஸ்டேட் வங்கி தன் தேர்வு அறிவிப்பிலேயே அச்சிடுகிறது. அந்த அடிப்படையில் செய்யப்பட்ட ஒரு நியமன ரத்தை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

வட்டி மானியம் உண்டே என்று கேட்பீர்கள். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உரியது. கலைப் பட்டமாக வரும் குற்றவியலுக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்குமா என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கானது. நீங்கள் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடன் வாங்கியே ஆகவேண்டிய நிலை என்றால், படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள். நான் சொன்ன கணக்கில் முதல் ஆண்டில் அது மாதம் 1,170 ரூபாய்க்குள், இரண்டாம் ஆண்டில் 2,330, அதன்பின் 3,500. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீத வட்டிச் சலுகைக்கும் திட்டத்தில் இடம் இருக்கிறது. பிறகு வரும் மாதத் தவணை 5,400 அளவில் நின்றுவிடும். மகளிர் குழுக் கடனை வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டாம் என்று தாய்மார்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வாராவாரம் திருப்பிக் கட்டவேண்டிய பணத்தை, மூன்று ஆண்டு கழித்துப் பலன் தரும் காரியத்தில் போடக்கூடாது.

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் வட்டிக் கடன் வேண்டாம் என்ற உறுதி உண்டு. அந்த உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். இந்த வட்டாரத்தின் தோல் வணிகர்கள் பல தலைமுறைக்கு முன்பே கல்விச் சங்கங்கள் அமைத்துக் கல்லூரிகள் கட்டினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் அப்படி எழுந்தவை. அங்கே உதவித்தொகை கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயம் அல்ல.

சரி, குற்றவியலை விரும்புகிற பிள்ளை என்னதான் செய்வது?

இளநிலைப் பட்டத்தைக் கடனில்லாமல் வாங்குங்கள். இந்த ஊரிலேயே அறிஞர் அண்ணா அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. வேலூரில் முத்துரங்கம் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்றவை சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். மூன்று ஆண்டில் 36,000. ஐந்தேகால் லட்சம் கடனோடு வெளியே வரும் பிள்ளையையும், கடனில்லாமல் இந்தப் பணத்தையும் பெற்று வெளியே வரும் பிள்ளையையும் ஒரே எஸ்.ஐ. தேர்வு வரிசையில் நிறுத்திப் பாருங்கள்.

பட்டம் வாங்கும்போது மனம் முதிர்ந்திருக்கும். அப்போதும் குற்றவியல் ஆர்வம் குறையாமல் இருந்தால் முதுநிலையில் படியுங்கள். இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகம் 1959-லேயே குற்றவியலுக்குத் துறை தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இத்துறையில் பெயர் பெற்றவை. பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வை இந்தியாவில் வளர்த்த பேராசிரியர் கு. சொக்கலிங்கம் சென்னையில் கற்பித்துப் பின்னர் நெல்லையில் துணைவேந்தரானவர். அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு படிப்பதற்கு நான்கு லட்சம் தேவைப்படாது. ஆய்வு, ஆசிரியர் பணி, பெரிய தொண்டு நிறுவனங்கள் எல்லாம் எதிர்பார்ப்பதும் முதுநிலைப் பட்டத்தைத்தான்.

சோதனைக்கூடத்தில் ஆர்வமுள்ள பிள்ளை வேதியியலோ இயற்பியலோ விலங்கியலோ படிக்கட்டும். அந்தப் பக்கம் காற்று வீசத் தொடங்கியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் நேரில் போகவேண்டும் என்கிறது. அதற்கு ஏற்பாடு செய்ய மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். நிபுணர்கள் வேண்டும் என்றால் ஆள் எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது முதலில் பார்ப்பது அறிவியல் பட்டத்தை. நீதிமன்றத்தை விரும்புகிற பிள்ளைக்கு வேலூரில் அரசு சட்டக் கல்லூரி 2008 முதல் இயங்குகிறது. ஏதேனும் ஒரு பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுச் சட்டம். குற்றவியலைப் பிழைப்பாக மாற்றும் வழிகளில் இதுவே நம்மூர்ப் பிள்ளைக்கு மிகவும் ஏற்றது என்பது என் முடிவு.

கடனையும் வேலையையும் சேர்த்து யோசித்த ஒரு நாட்டைப் பற்றியும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1968-ல் ஒரு சட்டம் போட்டார்கள். போலீஸ் வேலையில் இருப்பவரும் சேரப்போகிறவரும் கல்லூரியில் படிக்க அரசே கடன் கொடுத்தது. படித்துவிட்டுப் பணியில் தொடர்ந்தால் ஆண்டுக்குக் கால் பங்காகக் கடன் கழிந்தது. அங்கே குற்றநீதிப் படிப்புகள் பெருகியதற்கு அது ஒரு பெரிய காரணம். படிப்பையும் வேலையையும் கடனையும் ஒரே முடிச்சில் கட்டினார்கள். இன்று எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு கடனோடு வெளியே வருகிறார் என்பதையும் அங்கே அரசு இணையத்தில் வெளியிடுகிறது. நம்மிடம் பாடவாரியாக அப்படி ஒன்று இல்லை. ஆனால் தேசியத் தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரிகள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் நடுமட்டச் சம்பளம் என்ன என்ற விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். சேர்க்கைக்குப் போகும் முன் அதைத் திறந்து பாருங்கள். அந்த விவரம் கல்லூரி முழுவதற்குமானது. ஆகவே கல்லூரியில் நேராகக் கேளுங்கள்: உங்கள் குற்றவியல் துறையில் போன மூன்று ஆண்டில் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கும் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஏற்கெனவே குற்றவியல் படித்து முடித்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம், இந்த உரையை அச்சில் படிக்கவும் செய்யலாம். உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு மே மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் போய், நீங்கள் வாங்கிய கடன் எவ்வளவு, இப்போது வாங்கும் சம்பளம் எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்று பிளஸ் டூ பிள்ளைகளிடம் எழுதிக் காட்டுங்கள். தலைமை ஆசிரியர்களே, அவர்களை அழையுங்கள்.